வில்ட்ஷயரின் பழைய படங்களைத் தேடுவதும் காலம் கணிப்பதும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள வில்ட்ஷயர் கவுன்டியில், லேகாக் என்னும் சிற்றூரின் பழைய மடாலய மாளிகையில், தெற்கு நோக்கிய ஒரு சன்னல் இருக்கிறது. 1835-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒளிப்பட முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் அந்தச் சன்னலின் முன் கேமராவாக ஒரு சிறிய மரப்பெட்டியை வைத்து, வெள்ளி உப்புப் பூசிய தாளில் சன்னலின் உருவைப் பதியவைத்தார். அஞ்சல் தலை அளவே உள்ள அந்தத் தாள்தான் இன்று எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில், அதாவது ஒளியும் இருளும் மாறிப் பதிந்த மூலப்படங்களில், மிகப் பழையது. பதித்த புதிதில் ஏறக்குறைய 200 கண்ணாடிச் சதுரங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் உதவியோடு எண்ண முடிந்தது என்று டால்பட் தம் கையாலேயே அதன் அருகில் குறித்துவைத்தார். பழைய படங்களை வாசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புவோர் வில்ட்ஷயரிலிருந்து தொடங்குவது நல்லது என்று நான் சொல்வதற்கு இது முதற்காரணம். நெகட்டிவ் வழியே படம் எடுக்கும் முறை இங்கே பிறந்ததால், இந்தக் கவுன்டியின் கட்டடங்களும் மனிதர்களும் மிகத் தொடக்கத்திலேயே படத்தில் பதியத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது காரணம், ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கல்வட்டம் போன்ற நினைவுச் சின்னங்கள் எந்த நாளில் எப்படி மாறின என்பது இங்கே நன்கு பதிவாகியிருப்பதால், ஒரு படத்தின் காலத்தைக் கணித்துச் சரிபார்க்கப் பழகுவதற்கு இதைவிட ஏற்ற பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

முதற்படி: ஓர் இடத்தையும் ஒரு கேள்வியையும் தேர்ந்துகொள்ளுங்கள்

"வில்ட்ஷயர் பழைய படங்கள்" என்று பொதுவாகத் தேடினால் ஆயிரக்கணக்கான படங்கள் வந்து குவியும். ஒரு வாரத்தில் அலுப்புத் தட்டிவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஓர் இடத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஏவ்பரி கல்வட்டத்தில் 1930-க்கு முன் எத்தனை கற்கள் நின்றன? ஸ்விண்டன் ரயில் தொழிற்சாலையில் வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளர்கள் எந்த வாயில் வழியாக வந்தார்கள்? இவ்வகைக் கேள்வி கையில் இருந்தால், எந்தப் படம் தேவை, எது தேவையில்லை என்பதை நொடியில் முடிவு செய்யலாம்.

ஊர்ப்பெயர்களின் பழைய வடிவங்களையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஏவ்பரியைப் பழைய நூல்கள் "அபரி" என்று எழுதின; சாலிஸ்பரிக்குச் "சாரம்" என்றும் "நியூ சாரம்" என்றும் பெயர் உண்டு; வில்ட்ஷயர் என்பதையே படக்குறிப்புகளிலும் அஞ்சல் அட்டைகளிலும் "வில்ட்ஸ்" என்று சுருக்கி எழுதுவார்கள். எல்லைகளையும் மறந்துவிடக்கூடாது. 1997 முதல் ஸ்விண்டன் தனி நிர்வாகமாக இயங்குவதால், அதன் படங்கள் வில்ட்ஷயர் கவுன்சிலின் அட்டவணையில் இல்லாமல் ஸ்விண்டன் நூலகத்தின் அட்டவணையில் இருக்கலாம். குன்றின் சரிவில் பெரிதாக வெட்டிய, புகழ்பெற்ற அஃபிங்டன் வெள்ளைக் குதிரை உருவை வில்ட்ஷயரைச் சேர்ந்ததாகப் பலரும் எண்ணுகிறார்கள்; அது இன்று ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலும் 1974 வரை பெர்க்ஷயரிலும் அடங்கியது.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பெரும் படக் காப்பகம் ஸ்விண்டனிலேயே, பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில் தொழிற்சாலை வளாகத்தில் இருக்கிறது. அதன் அட்டவணையை இணையத்தில் தேடலாம். 1919-இல் தொடங்கப்பட்ட ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் 1953 வரை வானிலிருந்து எடுத்த படங்கள் "பிரிட்டன் ஃப்ரம் அபவ்" என்னும் தளத்தில் ஏறக்குறைய 95,000 என்ற அளவில் கிடைக்கின்றன. டால்பட்டின் படங்களுக்கென்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் தனி அட்டவணையை இணையத்தில் நடத்துகிறது. ஸ்விண்டன் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு தன் சேகரிப்பின் பெரும்பகுதியை ஃப்ளிக்கர் தளத்தில் ஏற்றியுள்ளது. தெருக்களையும் கடைகளையும் தொழிலாளர் குடும்பங்களையும் தேடுவோர் அதைத் தவறவிட வேண்டாம்.

நேரில் செல்ல முடிந்தவர்கள் மூன்று இடங்களை நினைவில் கொள்ளலாம். சிப்பன்ஹாமில் 2007-இல் திறக்கப்பட்ட வில்ட்ஷயர்-ஸ்விண்டன் வரலாற்று மையம் ஒன்று. 1853-இல் நிறுவப்பட்ட தொல்லியல், இயற்கை வரலாற்றுச் சங்கம் டிவைசஸ் நகரில் நடத்தும் வில்ட்ஷயர் அருங்காட்சியகம் மற்றொன்று. மூன்றாவது, பேராலயத்துக்கு எதிரே உள்ள சாலிஸ்பரி அருங்காட்சியகம். இவற்றுள் டிவைசஸில் உள்ள ஒரு செல்வத்தைத் தனியே சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்று ஆர்வலர் சர் ரிச்சர்ட் கோல்ட் ஹோர் கேட்டுக்கொண்டபடி, ஜான் பக்லர் என்னும் ஓவியர் இந்தக் கவுன்டியின் தேவாலயங்களையும் மாளிகைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். அவை 10 தொகுதிகளாக அங்கே இருக்கின்றன. விக்டோரியா காலத்தில் பெரும்பாலான ஊர்த் தேவாலயங்கள் புதுப்பிக்கப்பட்டு உருமாறிவிட்டதால், அதற்கு முந்தைய தோற்றத்தைக் காண பக்லரின் தூரிகையை விட்டால் பல ஊர்களுக்கு வேறு வழி கிடையாது.

காப்பகத்துக்குச் செல்லும் முன் மின்னஞ்சல் எழுதி, வேண்டிய படங்களின் அட்டவணை எண்களைத் தெரிவித்துவிடுங்கள். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் எடுத்துச் செல்லுங்கள். படிப்பறையில் பென்சில் மட்டுமே அனுமதி, பேனா கூடாது.

மூன்றாம் படி: படம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள்

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், கையில் இருப்பது என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். படத்தின் வகையே அதன் காலத்துக்கு ஒரு கீழ் எல்லையை வைத்துவிடும். 1839-இல் அறிமுகமான டாகெரோடைப் பளபளக்கும் வெள்ளித் தகட்டில் பதிவது. அதில் இடவலம் மாறியிருப்பது வழக்கம். டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற கேலோடைப் முறையில் தாளே நெகட்டிவாக இருப்பதால், அதன் பிரதியில் தாளின் நார்கள் மென்மையாகத் தெரியும். 1851-இல் கண்ணாடித் தகட்டு ஈரக் கொலோடியன் முறை வந்தபின் நுணுக்கம் கூர்மையானது. அட்டையில் ஒட்டிய சிறு உருவப்படங்கள் 1860 வாக்கில் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பரவின. அவற்றைவிடப் பெரிய கேபினட் அட்டைகள் 1866 முதல் வந்தன. 1888-இல் கோடக், 1900-இல் மலிவான பிரவுனி கேமரா ஆகியவை வந்தபின்தான் சாதாரணக் குடும்பங்கள் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கின.

இந்தத் தாள் நெகட்டிவ் முறைக்கும் நமக்கும் ஓர் உண்மையான உறவு உண்டு. சென்னை மாகாண அரசின் படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரையின் கோயிலையும் அரண்மனையையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் தாள் நெகட்டிவ்களில்தான் பதிவு செய்தார். லேகாக்கின் சன்னலுக்கு முன் பிறந்த வழிமுறை கால் நூற்றாண்டுக்குள் மீனாட்சியம்மன் கோயிலின் முன்னே போய் நின்றது.

அஞ்சல் அட்டைகளுக்கு மட்டும் சில எளிய விதிகள் உண்டு. தனியார் அச்சிட்ட பட அட்டைகளை அனுப்ப பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1894-இல் அனுமதித்தது. 1902 முதல் அட்டையின் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறுபாதியில் செய்தியும் எழுதலாம் என்று விதி தளர்ந்தது. எனவே முகவரிக்கு மட்டும் இடமிருந்து, செய்தி படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதப்பட்டிருந்தால் அட்டை பெரும்பாலும் 1902-க்கு முந்தையது. 1918 ஜூன் வரை அட்டைக்கு அரைப்பென்னி அஞ்சல் கட்டணம். அதன்பின் ஒரு பென்னி.

இங்கே ஓர் எச்சரிக்கை. அஞ்சல் முத்திரையின் நாள், அட்டை அனுப்பப்பட்ட நாள். படம் எடுக்கப்பட்ட நாள் வேறு. நான் தொடங்கிய காலத்தில், 1907-ஆம் ஆண்டு முத்திரை குத்திய ஸ்டோன்ஹெஞ்ச் அட்டை ஒன்றை 1907-ஆம் ஆண்டுப் படம் என்றே எழுதிவைத்திருந்தேன். கற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கற்றபின்புதான், அச்சகத்தார் 1900-க்கு முந்தைய நெகட்டிவையே பல ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தது விளங்கியது. அந்த ஒரு தவறு எனக்கு அடுத்த படியைக் கற்றுத்தந்தது.

நான்காம் படி: படத்துக்குள் இருக்கும் கடிகாரத்தைப் படியுங்கள்

ஒவ்வோர் இடத்திலும் எப்போது மாறியது என்று உறுதியாகத் தெரிந்த பொருள்கள் சில இருக்கும். அவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டு, படத்தில் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தால் காலம் தானாகக் குறுகிவரும். ஸ்டோன்ஹெஞ்ச் இதற்குச் சிறந்த பயிற்சிக்களம்.

அங்கே மூன்று அடையாளங்களைத் தேடுங்கள். ஒன்று, வட்டத்தின் உட்புறம் மேற்கில் உள்ள முக்கல் அமைப்பு, அதாவது இரு நெடுங்கற்களும் அவற்றின் தலைமேல் கிடக்கும் குறுக்குக் கல்லும். அது 1797 ஜனவரி 3 அன்று விழுந்தது. 1958-இல்தான் மீண்டும் நிறுத்தப்பட்டது. இரண்டு, வெளிவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு கல்லும் அதன் குறுக்குக் கல்லும். அவை 1900 டிசம்பர் 31 அன்று, நூற்றாண்டின் கடைசி நாளில் விழுந்தன. அவையும் 1958-இல் எழுப்பப்பட்டன. மூன்று, இங்குள்ள நெடுங்கற்களில் மிக உயரமானது. அது நெடுங்காலம் ஆபத்தாகச் சாய்ந்து நின்றது. 1901-இல் வில்லியம் கௌலாண்டின் மேற்பார்வையில் நிமிர்த்தப்பட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மேற்கு முக்கல் நிற்கும் ஒளிப்படம் எதுவானாலும் 1958-க்கு முந்தையதாக இருக்க முடியாது, ஏனெனில் அது விழுந்தபோது ஒளிப்படமே பிறக்கவில்லை. அது விழுந்து கிடக்க, வெளிவட்டக் கல் குறுக்குக் கல்லோடு நின்று, உயர்ந்த கல் சாய்ந்திருந்தால், படம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளிவட்டக் கல்லும் விழுந்து, உயர்ந்த கல் இன்னும் சாய்ந்தே இருந்தால், அந்தப் படம் 1901-ஆம் ஆண்டில், உயர்ந்த கல் நிமிர்த்தப்படுவதற்கு முந்தைய மாதங்களில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிவட்டக் கல் விழுந்து கிடக்க, உயர்ந்த கல் நிமிர்ந்திருந்தால் 1901 இறுதிக்கும் 1958-க்கும் இடைப்பட்டது. ஒரு நூற்றாண்டையே சில மாதங்களாகச் சுருக்கிவிடும் இந்த முறையை முதன்முதலில் செய்து பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியை நான் யாருக்கும் சொல்லி விளங்கவைக்க முடிந்ததில்லை; நீங்களே செய்து பார்க்க வேண்டும்.

துணைச் சான்றுகளும் உண்டு. சுற்றிலும் வேலி தெரிந்தால் 1901-க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் நிலத்தின் உரிமையாளர் வேலியிட்டு நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார். கற்களுக்கு மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியோ 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளோ ஆகலாம். பின்னணியில் விமானக் கொட்டகைகள் தெரிந்தால், முதல் உலகப் போரின்போது 1917-இல் அமைந்த விமானதளம் என்று கொள்ளலாம். அக்கொட்டகைகள் 1920-களின் பிற்பகுதிக்குப் பின் அகற்றப்பட்டன.

இதே முறையைப் பிற இடங்களுக்கும் கொண்டுசெல்லலாம். ஏவ்பரியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் 1934 முதல் 1939 வரை புதையுண்ட கற்களைத் தோண்டி நிறுத்தினார். காணாமல்போன கற்களின் இடத்தில் கான்கிரீட் அடையாளத் தூண்களை நட்டார். அந்தத் தூண்கள் இல்லாத, கற்கள் குறைந்த ஏவ்பரி அதற்கு முந்தையது. சாலிஸ்பரி பேராலயத்தின் அருகில் தனி மணிக்கூண்டு வரைந்திருந்தால், அந்த ஓவியத்தின் மூலவரைவு 1790-க்கு முந்தையது. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் அந்த ஆண்டு வாக்கில் அதை இடித்துவிட்டார். ஸ்விண்டனில் தண்டவாளங்களை எண்ணுங்கள். கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம் ஏறக்குறைய 2.14 மீட்டர் அகலமுள்ள அகலப் பாதையை 1892 மே மாதத்தில் முற்றிலும் கைவிட்டது. ஒரே பாதையில் மூன்று தண்டவாளங்கள் தெரிந்தால், இருவகை ரயில்களும் ஓடிய காலம் அது, ஆகவே 1892-க்கு முந்தையது.

குன்றுச் சரிவில் உள்ள வெஸ்ட்பரி வெள்ளைக் குதிரை வேறொரு வகையில் உதவும். 1778-இல் புதிதாக வெட்டப்பட்ட இன்றைய குதிரை இடப்பக்கம் நோக்கி நிற்கிறது. ஒளிப்படத்தில் அது வலப்பக்கம் நோக்கினால், கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிவைத்துப் பிரதி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். எழுத்துகள் உள்ள கடைப் பலகை ஒன்று படத்தில் இருந்தாலும் இதே சோதனையைச் செய்யலாம்.

ஐந்தாம் படி: ஓவியத்தையும் ஒளிப்படத்தையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள்

ஜான் கான்ஸ்டபிள் 1831-இல் காட்சிக்கு வைத்த சாலிஸ்பரி பேராலய ஓவியத்தில், 123 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை வளைத்துக்கொண்டு ஒரு வானவில் நிற்கிறது. அது ஓவியர் தம் மனத்தில் அமைத்த காட்சி. அன்று அந்த இடத்தில் அப்படி ஒரு வானவில் நின்றதற்கு அதைச் சான்றாக எடுத்துக்கொள்ள இயலாது. அதற்காக ஓவியங்களை ஒதுக்கிவிடவும் கூடாது. பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி 1720-களில் ஏவ்பரியை அளந்து வரைந்த படங்கள் இல்லையென்றால், கட்டடங்களுக்காக உடைத்து அழிக்கப்பட்ட பல கற்கள் எங்கே நின்றன என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. வரைந்தவர் எதற்காக வரைந்தார் என்று கேட்டுவிட்டு, அந்த நோக்கத்தின் அளவுக்கு நம்புவதே முறை.

ஒளிப்படமும் எல்லாவற்றையும் நேரடியாகக் காட்டிவிடாது. பொறுமையாகப் பார்ப்பவருக்கே காட்டும். 1953-இல் தொல்லியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன், ஸ்டோன்ஹெஞ்சின் ஒரு கல்லில் 17-ஆம் நூற்றாண்டில் யாரோ செதுக்கிய பெயரைப் படமெடுக்க, சாய்வெயில் விழும் நேரத்துக்காகக் காத்திருந்தார். அப்போது அவர் கேமராவின் வழியே, அதற்கு மிக அருகில், வெண்கலக் காலத்தவர் செதுக்கிய குத்துவாளின் உருவையும் கோடரிகளின் உருவங்களையும் கண்டார். அதற்கு முன்னும் எண்ணற்ற படங்கள் அந்தக் கல்லைப் பதிவு செய்திருந்தன. ஆகவே நல்ல தெளிவில் கிடைக்கும் படத்தை மூலைக்கு மூலை பெரிதாக்கிப் பாருங்கள். ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவைத்து, மறுநாளும் பாருங்கள்.

வானிலிருந்து எடுத்த படங்களில் இந்தப் பொறுமைக்கு இன்னும் பெரிய பலன் உண்டு. 1906-இல் லெஃப்டினன்ட் ஷார்ப் ராணுவ பலூனிலிருந்து எடுத்த ஸ்டோன்ஹெஞ்ச் படங்கள், பிரிட்டனில் ஒரு தொல்லிடத்தை மேலிருந்து காட்டிய முன்னோடிப் படங்கள். 1925-இல் விமானி கில்பர்ட் இன்சால் வயலில் தெரிந்த கறைகளின் வட்டத்தை வானிலிருந்து கண்டதால்தான், மரத்தூண்களால் ஆன உட்ஹெஞ்ச் இருந்த செய்தியே வெளிவந்தது. இத்தகைய படங்களை, ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் நிலஅளவைத் துறை) வரைபடங்களின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வேலிக்கோடும் பாதைத் திருப்பமும் பொருந்திவந்தால், படக்காரர் நின்ற இடத்தையே கண்டுபிடித்துவிடலாம்.

ஆறாம் படி: மனிதர்களைத் தேடுங்கள்

கட்டடத்தைப் பார்க்கப் போனவர்கள் மனிதர்களை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். டால்பட் 1844-இல் எடுத்த ஏணிப் படத்தில் மூன்று ஆண்கள் அசையாமல் நிற்கிறார்கள். அவர்கள் மூச்சடக்கி நின்றதால்தான் அந்தப் படம் கிடைத்தது. ஸ்விண்டன் தொழிற்சாலைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் கோடையில் "ட்ரிப்" என்று அழைத்து மேற்கொண்ட இலவச ரயில் பயணம் 1849-இல் ஏறக்குறைய 500 பேரோடு ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தொடங்கி, பிற்காலத்தில் ஊரையே காலிசெய்யும் அளவுக்கு வளர்ந்தது. பெட்டிகளில் ஏறிக்கொண்டிருக்கும் அந்தக் கூட்டத்தின் படங்களில் தொப்பிகள், குழந்தைகளின் காலணிகள், உணவுக் கூடைகள் என்று எத்தனையோ செய்திகள் காத்திருக்கின்றன.

இம்பர் என்னும் சிற்றூரைப் பற்றிய படம் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். போர்ப் பயிற்சிக்காக 1943 டிசம்பரில் அந்த ஊர் மக்கள் 47 நாள் அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பிவந்து வாழ அவர்களுக்கு அனுமதி கிடைக்கவேயில்லை. தேவாலயம் நிற்கிறது, வீடுகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. வீட்டு வாசலில் எடுத்த ஒரு மங்கலான குடும்பப் படம்கூட அந்த ஊருக்கு ஒரு சாட்சி.

உருவப்படங்களில் அட்டையின் அடியிலோ பின்புறத்திலோ படநிலையத்தின் பெயரும் தெருவும் அச்சாகியிருக்கும். கெல்லி வணிக விவரக் கோவைகளின் வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளில் அந்த நிலையம் எந்த ஆண்டுகளில் அந்தத் தெருவில் இருந்தது என்று பார்த்தால், படத்தின் காலத்துக்கு இரு எல்லைகள் கிடைத்துவிடும்.

ஏழாம் படி: பாதுகாப்பும் உரிமையும்

சொந்தமாக வைத்திருக்கும் படங்களைக் குறைந்தது 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்த்தெடுக்க வேண்டாம். அடுத்தடுத்த படங்களின் வரிசையே பல நேரங்களில் சான்றாகிவிடும். பின்புறத்தில் எழுதியாக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்.

பிரிட்டனில் படக்காரர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். அச்சுப் பிரதி உங்கள் கையில் இருப்பதாலேயே அதை வெளியிடும் உரிமை வந்துவிடாது. உரிமையாளரைத் தேடியும் கண்டுபிடிக்க முடியாத படங்களுக்கு, 2014 முதல் அந்நாட்டின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் தனி உரிமம் வழங்கிவருகிறது. காப்பகத்திலிருந்து பெற்ற படத்தை வெளியிடும் முன் அவர்களின் நிபந்தனைகளைப் படித்து, கேட்கும் வடிவிலேயே நன்றிக்குறிப்பை அச்சிடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு பதிவை எழுதிவையுங்கள்: அட்டவணை எண், இடம், படக்காரர் நின்ற திசை, நீங்கள் கணித்த காலம், எந்தச் சான்றால் அப்படிக் கணித்தீர்கள் என்பது. காப்பகத்தின் அட்டவணையில் உள்ள ஆண்டு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், அட்டவணை எண்ணையும் சான்றையும் குறிப்பிட்டு அவர்களுக்கு எழுதுங்கள். "இந்தப் படத்தில் மேற்கு முக்கல் நிற்கிறது, ஆகவே 1930 என்ற குறிப்பு பொருந்தாது" என்ற ஒற்றை வரி போதும். அடுத்து அந்தப் படத்தைத் தேடிவருபவருக்குச் சரியான ஆண்டு கிடைத்துவிடும்.